சுண்ணாம்பு சொல்லும் கடல் வரலாறு



வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தாம்பூலம் நிறைவுபெறும். வெற்றிலை கொடியில் விளைகிறது. பாக்கு மரத்தில் காய்க்கிறது. சுண்ணாம்பு எங்கே விளைகிறது? நாங்கள் பணிபுரியும் தோட்டப் பள்ளியில், அறிவியல் பாட வேளையில் ஒரு நாள் இக்கேள்வியை மாணவர்களிடம் கேட்டோம். "கடையில், சார்" என்றான் ஒரு சிறுவன். வகுப்பே சிரித்தது. "மலையில்" என்றான் இன்னொருவன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "எங்கள் பாட்டி கிளிஞ்சலைச் சுட்டுச் செய்வார்களாம், சார், அப்படியானால் கடலில்தானே?" என்றாள்.

அவள் சொன்னதும் சரி, மலை என்றவன் சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதை விளக்கப் புகுந்தபோது, அது ஒரு பெரிய வரலாறாக விரிந்தது. மன்னர்களின் வரலாறு அன்று, கடலின் வரலாறு. அதனை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் நாம் வாழும் இடத்தைப் பார்ப்போம். பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆன தீவு. கொடிமலையில் ஏறினாலும், தண்ணீர்மலைக் கோவிலுக்குப் படியேறினாலும் காலடியில் இருப்பது கருங்கல்லே. அது பூமியின் ஆழத்தில் கொதித்த பாறைக் குழம்பு ஆறி இறுகியதால் உண்டானது. அதில் சுண்ணாம்பு எடுக்க இயலாது. ஆனால் வடக்கே லங்காவிக்கும் பெர்லிசுக்கும் சென்றாலும், தெற்கே ஈப்போவுக்கும் பத்துமலைக்கும் சென்றாலும், செங்குத்தாக எழுந்து நிற்கும் வெண்சாம்பல் நிறக் குன்றுகளைக் காண்கிறோம். அவை சுண்ணாம்புக் குன்றுகள். தைப்பூசத்தன்று 272 படிகளை ஏறிப் பத்துமலைக் குகைக்குள் நுழையும் நம் மக்கள், உண்மையில் ஒரு பழங்கடலின் அடித்தரைக்குள்ளேதான் நுழைகிறார்கள். பத்துமலைப் பாறை, சிலூரியன் எனப்படும் காலத்தில், ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகியதாகும். ஆகவே மலைச் சுண்ணாம்பும் ஒருகாலத்தில் கடற்சுண்ணாம்பாகவே இருந்தது.

சுண்ணாம்புக் கல்லும், சிப்பியும், சங்கும், பவளமும், கோழிமுட்டை ஓடும் ஒரே பொருளால் ஆனவை. அப்பொருளுக்குக் கால்சியம் கார்பனேட்டு என்று பெயர். மாணவர்கள் இதனைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். சமையலறையில் உள்ள வினிகரில் ஒரு முட்டை ஓட்டைப் போட்டால் குமிழிகள் எழும். கெராங் ஓட்டைப் போட்டாலும் அவ்வாறே எழும். வெளிவருவது கரியமிலவாயு.

பொருள் ஒன்றாயினும் அதன் அடுக்கு ஒன்றன்று. ஒரே வகைச் செங்கல்லைக் கொண்டு இரண்டு கொத்தனார்கள் இரு விதமாக அடுக்கிச் சுவர் எழுப்புவதில்லையா? அதுபோல இயற்கையும் கால்சியம் கார்பனேட்டை இரண்டு விதமாக அடுக்குகிறது. ஒன்றுக்குக் கால்சைட் என்றும், மற்றொன்றுக்கு அரகோனைட் என்றும் பெயர். அரகோனைட் என்னும் பெயர் ஸ்பெயின் நாட்டின் மோலினா தெ அரகோன் என்னும் ஊரிலிருந்து வந்தது. அரகோனைட் சற்று நெருக்கமான அடுக்கு. ஆகவே கனம் மிகுந்தது. நீரைப்போல் கால்சைட் 2.71 மடங்கு கனம், அரகோனைட் 2.93 மடங்கு. ஆனால் அரகோனைட் உறுதியற்றது. நாளடைவில் அது கரைந்தோ உருமாறியோ கால்சைட்டாகிவிடும். தண்ணீரில் கரையும் தன்மையும் அதற்கே அதிகம்.

நம் உணவிலும் பூசையிலும் இவ்விரண்டும் உண்டு. பினாங்கின் குவே தியோவில் போடும் கெராங் மட்டியின் ஓடு அரகோனைட். கோவிலில் ஊதும் வலம்புரிச் சங்கும் அரகோனைட். பவளப் பாறைகளைக் கட்டும் இன்றைய பவள உயிர்களின் கூடும் அரகோனைட். கோழிமுட்டை ஓடு கால்சைட். பாறைகளில் ஒட்டி வாழும் ஆளிச் சிப்பியின் ஓடும் பெரும்பாலும் கால்சைட். முத்துச் சிப்பியோ இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது: வெளிப்புறம் கால்சைட், உள்ளே மின்னும் பகுதி அரகோனைட். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சிப்பியின் உட்புறம் ஏன் வானவில்போல் மின்னுகிறது என்பதை 1930களில் ஆராய்ந்தார். அவர் 1928இல் கண்டறிந்த இராமன் விளைவைக் கொண்டுதான், இது கால்சைட்டா அரகோனைட்டா என்று ஆய்வுக்கூடங்களில் இன்று நொடியில் பிரித்தறிகிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி வரலாற்றுக்கு வருவோம். உயிரினங்களின் உதவியின்றியும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பு தானாகப் படிவதுண்டு. அமெரிக்காவுக்கு அருகில் உள்ள பஹாமாஸ் தீவுகளின் ஆழமற்ற வெந்நிறக் கடலில், அலை உருட்ட உருட்ட, மீன்முட்டை போன்ற சிறு உருண்டைகள் இன்றும் உருவாகின்றன. அவை அரகோனைட்டால் ஆனவை. இத்தகைய உருண்டைகள் பழைய பாறைகளிலும் ஏராளமாக உண்டு. அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்னும் ஆங்கிலேயர். 1879ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக ஆற்றிய உரையில், சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றி அவர் விரிவாகப் பேசினார். பழைய பாறைகளில் எது தொடக்கத்திலேயே கால்சைட்டாகப் பிறந்தது, எது அரகோனைட்டாகப் பிறந்து பின்னர் மாறியது என்பதை அடையாளம் காண முடியும் என்று அவர் காட்டினார்.

எப்படி முடியும்? ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள். நல்ல ஓலையில் எழுதியது நூற்றாண்டுகள் கழித்தும் எழுத்துக்கு எழுத்து தெரியும். கரையான் அரித்த ஓலையில் ஓரங்கள் மட்டும் நிற்கும். நடுவில் ஓட்டை விழுந்திருக்கும். கால்சைட்டாகப் பிறந்த உருண்டையில் அதன் மெல்லிய வளையங்களும் ஆரக்கால்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே தெரிகின்றன. அரகோனைட்டாகப் பிறந்தது கரைந்துபோகிறது. அவ்விடத்தைப் பின்னர் பெரிய பெரிய படிகங்கள் வந்து நிரப்புகின்றன, உள்ளமைப்பு அழிந்துவிடுகிறது. ஆகவே இன்று எல்லாம் கால்சைட்டாகத் தோன்றினாலும், எது எப்படிப் பிறந்தது என்பதை அழிவின் தன்மையே சொல்லிவிடுகிறது.

சார்பிக்கு நூறாண்டு கழித்து, 1983இல், ஃபிலிப் சாண்ட்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இத்தகைய சான்றுகளைத் தொகுத்துக் காலவரிசையில் வைத்துப் பார்த்தார். அப்போது ஒரு வியப்பான உண்மை தெரிந்தது. கடல் எக்காலத்தும் ஒரே மாதிரி சுண்ணாம்பைத் தரவில்லை. சில யுகங்களில் கால்சைட்டைத் தந்தது. சில யுகங்களில் அரகோனைட்டைத் தந்தது. அலைபோல் மாறி மாறி வந்தது. அதனால்தான் இன்று நிலவியலார் "கால்சைட் கடல்", "அரகோனைட் கடல்" என்று பேசுகிறார்கள்.

அந்த வரிசையை நாம் அறிந்த இடங்களை வைத்தே நினைவில் கொள்ளலாம். ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்தது அரகோனைட் கடல். அதன் பின் ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கால்சைட் கடல். லங்காவியின் பழைய சுண்ணாம்புப் பாறைகளும் நமது பத்துமலையும் அக்கடலில் பிறந்தவை. பின்னர் மீண்டும் அரகோனைட் கடல். பெர்லிசின் சூப்பிங் சுண்ணாம்புப் பாறை அக்காலத்தைச் சேர்ந்தது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் பாறைகளோ நெடுங்காலம் படிந்தவை. அவை இந்த இரு கடல்களையும் கண்டவை. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மறுபடியும் கால்சைட் கடல். அதன் பின் இன்றுவரை அரகோனைட் கடல். நாம் காலை நனைக்கும் பத்து ஃபெரிங்கி கடல் இந்த ஐந்தாம் கடலே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்துமலைப் பாறையும் ஈப்போப் பாறையும் பிற்காலத்தில் வெப்பத்தால் வெந்து பெரும்பாலும் சலவைக்கல்லாகிவிட்டன. அங்கே பழைய எழுத்து அழிந்த ஓலைதான் உண்டு. லங்காவியின் சில தீவுகளில் புதைபடிவங்களைக் கண்டு கொள்ளலாம். தெளிவான ஓலையைப் படிக்க வேண்டுமானால் நாம் தமிழ்நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

கடாரம் கொண்ட இராசேந்திர சோழனை நாம் அறிவோம். 1025ஆம் ஆண்டளவில் அவனுடைய கப்பற்படை வந்த கடாரம், பினாங்கிற்கு அடுத்துள்ள கெடாவே. அவன் எழுப்பிய தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவட்டமும் அதை அடுத்த திருச்சிராப்பள்ளிப் பகுதியும் ஒருகாலத்தில் கடலாக இருந்தன என்றால் நம்புவீர்களா? இன்று அங்கே கடற்கரை கிழக்கே வெகுதொலைவு. ஆயினும் கிரிட்டேசியஸ் எனப்படும் காலத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள் முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, அங்கே கடல் அலைமோதியது. 1840களிலேயே அங்குக் கிடைத்த புதைபடிவங்கள் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து எழுதினார்.

காரை என்னும் ஊருக்கு அருகில் உள்ள செம்மண் ஓடைகளில், துப்பாக்கிக் குண்டுபோல் கூரிய பெலம்னைட் என்னும் புதைபடிவங்கள் சிதறிக் கிடக்கின்றன. கணவாய் மீனின் பழங்கால உறவினங்களின் உள்ளோடு அது. கால்சைட்டால் ஆனதால் உடையாமல் நிற்கிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் கிரைஃபியா என்னும் பெரிய சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் புதைந்துள்ளன. அவையும் கால்சைட்டே. அவற்றை வெட்டித்தான் சிமெண்டு ஆலைகள் சிமெண்டு செய்கின்றன. 1953இல் பெயர்ப் போராட்டம் நடந்த கல்லக்குடியை நம் மூத்தோர் நினைவுகூர்வர். டால்மியாபுரம் என்று அது பெயர் பெற்றதே அங்கு வந்த சிமெண்டு ஆலையால்தான்; அந்த ஆலை வந்ததோ அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் பாறையால்தான்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் டோவர் கரையில் வெண்பாறைகள் படிந்தன. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கடற்பாசிகளின் கால்சைட் தகடுகள் கோடானுகோடி சேர்ந்தவை அவை. அவ்வெண்பாறையின் இலத்தீன் பெயரே கிரிட்டேசியஸ் என்னும் காலப்பெயருக்கு மூலம். ஆசிரியர்கள் கையில் பிடித்த பழைய வெண்கட்டியும் அந்தப் பாறைதான். இப்போது பள்ளிகளில் நாம் எழுதும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது; அது வேறு.

கடல் ஏன் இப்படி மாறியது? அதற்கு விடை கடல்நீரில் கரைந்துள்ள இரண்டு உலோகங்களில் இருக்கிறது. ஒன்று கால்சியம், மற்றொன்று மக்னீசியம். இன்றைய கடல்நீர் ஒரு கிலோவில் மக்னீசியம் ஏறத்தாழ 1.3 கிராமும், கால்சியம் ஏறத்தாழ 0.4 கிராமும் உள்ளன. அணுக்களை எண்ணிப் பார்த்தால், ஒரு கால்சியத்துக்கு ஐந்து மக்னீசியம் என்ற கணக்கு வரும். மக்னீசியம் ஒரு குறும்புக்காரப் பையனைப் போன்றது. கால்சைட் வரிசையாக அடுக்கிக்கொண்டு வளரும்போது, தானும் வரிசையில் புகுந்துவிடும். அதன் அளவு சிறியது, அடுக்கு கோணலாகிறது, கால்சைட் வளர்ச்சி தடைப்படுகிறது. அரகோனைட்டின் அடுக்கிலோ அதற்கு இடம் கிடைப்பதில்லை. எனவே மக்னீசியம் மிகுந்த கடலில் அரகோனைட் முந்திக்கொள்கிறது. ஒரு கால்சியத்துக்கு இரண்டு மக்னீசியம் என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் கால்சைட் கடல். மேலே போனால் அரகோனைட் கடல்.

அந்த விகிதத்தை மாற்றுவது யார்? கடலின் நடுவே, நீருக்கடியில், உலகைச் சுற்றி ஒரு நெடிய மலைத்தொடர் ஓடுகிறது. அங்கேதான் பூமியின் ஓடு பிளந்து, புதிய பாறை பிறந்து, கடல்தளம் இருபுறமும் விலகிச் செல்கிறது. பிளவுகளில் இறங்கும் கடல்நீர் சூடேறி மீண்டும் ஊற்றாக வெளிவருகிறது. 1977இல் காலபாகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் இத்தகைய வெந்நீர் ஊற்றுகளை முதன்முதலாக நேரில் கண்டனர். உள்ளே சென்ற நீரிலுள்ள மக்னீசியத்தைச் சூடான பாறை பிடித்து வைத்துக்கொள்கிறது. மாறாகக் கால்சியத்தைக் கொடுத்தனுப்புகிறது. கடல்தளம் வேகமாக விரியும் யுகங்களில் இந்தப் பண்டமாற்று பெருகுகிறது. கடலில் மக்னீசியம் குறைந்து கால்சியம் கூடுகிறது. விரிவு மந்தமாகும் யுகங்களில் மக்னீசியம் மீண்டும் சேர்கிறது. 1996இல் லாரன்ஸ் ஹார்டி என்பவர் இக்கருத்தைக் கணக்கிட்டு விளக்கினார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வேகமாக விரியும்போது அந்த நடுக்கடல் மலைத்தொடர் சூட்டால் உப்பிப் பருக்கிறது. குளத்தில் யானை இறங்கினால் நீர் கரைமீறுவதில்லையா? அதுபோல் கடல் நிலத்துக்குள் ஏறியது. அரியலூருக்குள் கடல் புகுந்ததற்கும், அக்கடல் கால்சைட் கடலாக இருந்ததற்கும் பெரும் பங்கு ஒரே காரணத்துக்கு உண்டு.

இதெல்லாம் ஊகமா என்று கேட்கலாம். நேரான சாட்சி உப்பில் கிடைத்தது. பழங்கடல் வற்றி உப்பாகியபோது, உப்புப் படிகத்துக்குள் அக்கடல்நீரின் சிறு துளிகள் சிறைப்பட்டன. அத்துளிகளை எடுத்துச் சோதித்து, பழங்கடலின் மக்னீசியம் கால்சியம் விகிதம் மாறி மாறி வந்ததை டிம் லோவன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்டனர். 2006இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், ஜஸ்டின் ரைஸ் முதலியோர், கிரிட்டேசியஸ் காலக் கடல்நீரைப் போன்ற செயற்கை நீரைத் தொட்டியில் கலந்து, இன்றைய பவள உயிர்களை அதில் வளர்த்தனர். காலங்காலமாக அரகோனைட்டால் கூடு கட்டிய பவளம், அந்நீரில் கூட்டின் ஒரு பகுதியைக் கால்சைட்டால் கட்டியது. வளர்ச்சியும் மெதுவாயிற்று. வேற்றூருக்குப் பிழைக்கச் சென்றவர் அவ்வூர்ச் சந்தையில் கிடைத்ததைக் கொண்டு சமைப்பதுபோல என்று கொள்ளலாம்.

எல்லா உயிர்களும் இப்படி வளைந்து கொடுப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆளிச் சிப்பி இந்த அரகோனைட் கடலிலும் கால்சைட் ஓட்டையே கட்டிக்கொள்கிறது. உயிருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஆயினும் எந்தக் கடலில் எவர் எளிதாகச் செழிப்பர், எவர் சிரமப்படுவர் என்பதில் கடல்நீருக்குப் பங்கு உண்டு.

இப்போது நம் மண்ணுக்குத் திரும்புவோம். செபராங் பிறையின் வடகோடியில், கெடா எல்லையாகிய மூடா ஆற்றுக்கு அருகே, குவார் கெப்பா என்னும் சிற்றூர் இருக்கிறது. கெப்பா என்பது மலாயில் ஒருவகை மட்டியின் பெயர். பெயருக்கேற்ப, அங்கே மட்டி ஓடுகள் குவிந்த மேடுகள் இருந்தன. 5000 ஆண்டுகளுக்கும் முன்னர் அக்கரையில் வாழ்ந்த மக்கள் மட்டியை உண்டு, ஓட்டைக் குவித்து, இறந்தோரையும் அங்கேயே புதைத்தனர். கடல்மட்டம் அன்று இன்றைக்கு மேல் இருந்தது. கரை உள்ளே தள்ளியிருந்தது. 2017இல் அங்கே அகழ்ந்தபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. "பினாங்குப் பெண்" என்று அவளை அழைக்கிறார்கள்.

அந்த மேடுகள் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. 1860ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றைப் பார்த்து எழுதியபோதே, சுண்ணாம்பு சுடுவோர் அவ்வோடுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். கருங்கல் தீவுக்கு எதிர்க்கரையில் இத்தனை கிளிஞ்சல் குவிந்து கிடந்தால், காளவாய்க்காரர் விடுவாரா? அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அது பிழைப்பு. வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், வெற்றிலைக்கும் வேண்டும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. 1818இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் உருவானது. அக்கைதிகள் இந்தக் கடற்கரைக் குடியேற்றங்களுக்குச் சென்னைச் சுண்ணச்சாந்தின் பக்குவத்தையும் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அவர்கள் பூசிய முறையை, அவர்களை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் 1899இல் வெளியான நூலில் எழுதிவைத்துள்ளார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கூட்டி அரைத்து, சுவரில் பூசிப் பளபளக்கத் தேய்த்தார்களாம். பெயர் தெரியாத நம்மவர் கைகள் செய்த வேலை அது.

இங்கே ஒரு கணக்கு. 100 கிலோ கிளிஞ்சலை நன்றாகச் சுட்டால், 44 கிலோ கரியமிலவாயுவாகக் காற்றில் போய்விடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீரில் நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. ஆனால் பழைய கல்லாக அன்று. கடலில் அரகோனைட்டாக இருந்த கெராங் ஓடு, மக்னீசியம் நிறைந்த கடல்நீர் இல்லாத சுவரில், பெரும்பாலும் கால்சைட்டாகவே இறுகுகிறது. கடலின் கையெழுத்து மறைந்து போகிறது.

மறைவது அது மட்டுமன்று. ஓட்டிலுள்ள கரியணுக்களைக் கொண்டுதான் அதன் வயதைக் கணக்கிடுகிறார்கள். ஓட்டின் வளர்ச்சி வரைகளிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அன்றைய கடலின் வெப்பத்தைக்கூட மதிப்பிட முடியும். காளவாயில் ஏற்றியவுடன் இவ்விரண்டும் புகையோடு போய்விடுகின்றன. சுவரில் இறுகும்போது புதிய காற்றின் கரியணுக்கள் வந்து சேர்கின்றன. ஆகவே சாந்தின் வயது, சுவரின் வயதே. குவார் கெப்பாவில் எரிந்துபோன ஓடுகள் எத்தனை நூற்றாண்டுக் கடலைப் பற்றிச் சொல்லியிருக்கும்! படிக்கத் தெரியாத காலத்தில் எரிந்துபோயின. இன்று நமக்குப் படிக்கத் தெரியும். ஆகவே இன்று எரித்தால் அதற்குச் சாக்கு இல்லை.

நேயர்களே, இறுதியாக ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். கடல் நான்கு முறை மாறியது என்றோம். ஒவ்வொரு மாற்றமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது. இன்றோ மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை குறைந்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த அளவு இப்போது ஏறத்தாழ 8.1. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலின் கணக்குப்படி, அமிலத்தன்மையில் அது ஏறத்தாழ 26 விழுக்காடு உயர்வு. மக்னீசிய விகிதம் இதனால் மாறவில்லை. நம் கடல் அரகோனைட் கடலாகவே இருக்கிறது. அதுவே சிக்கல். எளிதில் கரையும் அரகோனைட்டால் வீடு கட்டும் மட்டிகளும் பவளங்களும் நிறைந்த யுகத்தில், கரைக்கும் தன்மை கூடுகிறது. பழங்காலத்தில் வாயு மெதுவாகக் கூடியபோது, ஆறுகள் பாறைகளைக் கரைத்துக் கொண்டுவந்த உப்புகள் கடலை ஈடுசெய்தன. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். நாம் கொடுத்திருப்பதோ இருநூறு ஆண்டுகளே.

வினிகரில் ஓடு குமிழியிட்டதைப் பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னோம். சிறிது நேரம் வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அந்த மாணவி, தான் கொண்டுவந்த இரண்டு கெராங் ஓடுகளில் ஒன்றை மட்டும் வினிகரில் போடக் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இதில் நாள் எழுதி வைக்கிறேன், சார்" என்றாள். எங்கள் வகுப்பறை அலமாரியில் இப்போது ஒரு வரிசை ஓடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் எந்தக் கரை, எந்த நாள் என்று எழுதிய தாள்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது பிள்ளைகள் பொறுக்கும் சிப்பியைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வயலிலோ தோட்டத்திலோ மண் வெட்டும்போது கிளிஞ்சல் குவியல் தென்பட்டால், லாரியில் ஏற்றுமுன் அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள். வெற்றிலையில் தடவும் அந்தத் துளிச் சுண்ணாம்புக்கு நாம் இவ்வளவாவது கடன்பட்டிருக்கிறோம்.